பூசையில் வைத்த ஹேண்டில்

என் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் மடங்கிய ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. பெருச்சாளி அடிக்க வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். பெரியப்பா வைத்திருந்த ஜீப்பின் ஹேண்டில் அது. வண்டியின் மூக்கில் இருக்கும் துவாரத்தில் அதைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். வண்டி போய்விட்டது, பெரியப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். கம்பி மட்டும் துரு ஏறாமல் கிடக்கிறது. நான்தான் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். பாசத்தில் அல்ல.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட ஜீப்பு அது. ஐம்பதுகளில் பெரியப்பா அதை ஏலத்தில் எடுத்து வந்தார். எங்கள் வீடு சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில், எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். சொல் பெரியப்பாவுடையது, தலையாட்டல் எங்கள் அப்பாவுடையது. வந்த நாளிலேயே கிழடாகிப்போயிருந்த அந்த வண்டியைப் பெரியப்பா வேறு யார் கையிலும் விடமாட்டார். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவார். கேஸ்கட் போனால் பட்டாசுப் பெட்டி அட்டையில் அளவாக வெட்டிப் பொருத்துவார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். புகைக்குழாய் முனையில் தன் கையாலேயே கம்பிவலை கட்டியிருந்தார். அப்படியும் கம்பெனிக்கு வெகு தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, ஆட்களை விட்டுத் தள்ளச் சொல்வார். ஒரு பொறி பறந்தால் எல்லாம் முடிந்தது. “வண்டியும் புள்ளையும் ஒண்ணு. அழுதா என்னன்னு பாக்கணும்” என்பார். வண்டியின் அழுகை அவருக்கு நன்றாகவே கேட்டது.

அவருக்கு ஒரு பயம் உண்டு. பக்கத்து ஊரில் ஒரு கம்பெனி தீப்பிடித்து ஆட்கள் கருகிப்போனார்கள். ஆயுத பூசையில் வைத்த கத்தரிக்கோலை மறுபூசைக்கு முன்னால் எடுத்துத் திரி வெட்டினார்களாம், அதனால் வந்த வினையாம். ஊர் அப்படிப் பேசியது. மெய்யோ பொய்யோ, யார் கண்டது? பெரியப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பூசையில் வைத்த எதையும் மறுநாள் காலையில் மறுபூசை முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாது. சுத்தியல், ஸ்பானர், அரிவாள், எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி படத்தடியில் கிடக்கும். அவற்றுக்கு நடுவில், தனியாக ஒரு பூச்சரம் சுற்றி, ஹேண்டில்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆயுத பூசை. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். அதற்கு முந்திய வாரம் முழுக்கப் பெரியப்பா எஞ்சினைப் பிரித்துப் போட்டு, வால்வுகளை வழித்துத் தேய்த்து, புது எண்ணெய் ஊற்றி மாட்டியிருந்தார். அந்த வண்டி அன்றைக்கு இருந்த அழகில் என்றைக்குமே இருந்ததில்லை. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். மத்தியானம் பூசை முடிந்து, சாப்பிட உட்காரும்போது வலி கண்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவள், நேரே ஆண்களிடம் போய்ச் சொன்னாள்: “புள்ள குறுக்க கெடக்கு. இது என் கையில இல்ல. உடனே சிவகாசிக்குக் கொண்டு போயிருங்க.”

பஸ் சாயங்காலம்தான். அப்பா சாமி அறை வாசலில் போய் நின்றார். “அண்ணாச்சி, ஹேண்டில எடுத்துத் தாங்க. போயிட்டு வந்து மறுபடி வச்சுக் கும்பிட்டுக்கிடலாம்.”

பெரியப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. “ஏலே, மறுபூசை முடியாம தொட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? அம்புட்டு உசுரு நம்மள நம்பி வெடிமருந்துல கை வைக்குது. மாட்டைப் பூட்டு. இருக்கன்குடி ஆத்தா பாத்துக்கிடுவா.”

வண்டியைத் தள்ளியும் கிளப்பியிருக்கலாம். ஆனால் அதற்கும் மாலை போட்டாயிற்றே! அப்பா குனிந்த தலையோடு மாட்டைப் பூட்டப் போனார். வைக்கோல் மேல் பாய் விரித்து அம்மாவைப் படுக்க வைத்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற ஜீப்பைச் சுற்றிக்கொண்டுதான் மாட்டு வண்டி வாசலைத் தாண்டியது. அம்மா தலையைத் திருப்பி அந்த ஜீப்பைப் பார்த்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

பாதி வழியிலேயே தம்பி பிறந்தான். அழவில்லை.

மறுநாள் காலை மறுபூசை முடித்து, பெரியப்பா ஹேண்டிலைப் போட்டார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றார், அழுதார். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆத்திரமே அதில்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரேயடியாகக் காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது அம்மா ஜீப்பில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். மாட்டு வண்டியில்தான் வந்தாள். வழியெல்லாம் பெரியப்பா ஜீப்பை ஊர விட்டபடி பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். என்ன புண்ணியம்?

அதற்குப் பிறகு வண்டிக்கு அவர் செய்யாத வேலை இல்லை. புது பாட்டரி போட்டார், சுவிட்சை அமுக்கினால் கிளம்பும்படி செய்தார். ஹேண்டிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியப்பாவிடம் நேரில் பேசியதே கிடையாது. எதுவானாலும் என்னை விட்டுத்தான் கேட்பாள். ஒருநாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளே கேட்டாள்: “அந்தக் கம்பி இனிமே உங்களுக்கு வேண்டாம்ல? எனக்குத் தாங்க.”

பெரியப்பா போய் எடுத்து வந்து, சுவரோரமாகச் சாத்திவிட்டுப் போனார்.

வருடம் பூராவும் அம்மா அதைத் தொடமாட்டாள். ஆயுத பூசையன்று உள்ளே சூடம் காட்டி மணி அடிக்கும் நேரம் பார்த்து, முற்றத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பியால் அடுப்புக் கரி உடைப்பாள். ணங், ணங் என்று வீடு அதிரும். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு மணியை அடித்துக்கொண்டே நிற்பார். அவர் சாகிறவரை ஒரு வருடம்கூட அம்மா தவறவிடவில்லை. செத்த பிறகும் உடைத்தாள்.

இப்போது கரி ஏது, அடுப்பு ஏது? என் மகன் கார் வைத்திருக்கிறான். ஆயுத பூசைக்குக் கழுவி மாலை போடுவான். சாவியை மட்டும் தட்டில் வைக்க விடமாட்டேன். அன்று முழுக்க அது என் முந்தானை முடிச்சில்தான் இருக்கும். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறானோ என்னவோ. போன வருடம் கதவுக்குப் பின்னாலிருந்த ஹேண்டிலைக் கண்டெடுத்து, பழைய சாமான், பார்க்க நன்றாக இருக்கிறது என்று சந்தனம் வைத்து, பூச்சரம் சுற்றி, சாமி படத்தடியில் வைத்துவிட்டான். தெரியாத பிள்ளை, அவனைச் சொல்லி என்ன? சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே நான் போய்க் கம்பியை எடுத்தேன். பூவைப் பிய்த்துப் போட்டேன், சந்தனத்தை முந்தானையால் துடைத்தேன். வாசலில் திருஷ்டிக்கு வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் இருந்தது. ஓங்கி ஒரே போடு.

மகன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். “யம்மா, என்ன பண்றீக?”

“கரி உடைக்கேன்லே” என்றேன்.