மூன்று விசில் பரீட்சை

தொழிற்பேட்டை கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்று, கும்மிடிப்பூண்டியில் தனியாக இருக்கிறேன். துபாயிலுள்ள மகள், கம்ப்யூட்டரில் நட்பு வலைத்தளம் ஒன்றில் என் படத்தைப் போட்டாள். முன்பின் தெரியாதவர்கள்கூட 'அழகா இருக்கீங்கம்மா' என்று எழுதியதை பிரவுசிங் சென்டரில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு தினமும் அங்கே ஓடினேன்.

ஒருநாள் அடுப்பில் குக்கர் இருப்பதையே மறந்து போய்விட்டேன். பக்கத்து வீட்டு மேரி புகையைப் பார்த்து, பூட்டை உடைத்து அடுப்பை அணைத்திருக்கிறாள்.

"இன்னாக்கா, ஊட்டக் கொளுத்திட்டு எங்க போன? உனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பைத்தியம் நல்லா புடிச்சிக்கினு கீது!"

"எவ்ளோ புடிச்சிருக்குன்னு நானே அளக்கறேன்டி!"

மறுநாள் புதுக் குக்கர் எதிரில் உட்கார்ந்தேன். மூன்று விசிலுக்குள் கம்ப்யூட்டர் நினைப்பு வந்தால் அன்று போகக் கூடாது. முதல் விசிலுக்கு முன்பே கால் பரபரத்தது. பேச ஆளில்லாத வீடுதான் என்னை விரட்டுகிறது என்று புரிந்தது. மேரியைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவள் மாமியார் கதை சொல்லச் சொல்ல, ஒருநாள் அந்த நினைப்பே வராமல் மூன்று விசிலும் வந்துவிட்டது.

"அக்கா, கெலிச்சிட்ட!" என்று கத்தினாள் மேரி.

இப்போது வாரம் ஒருநாள்தான், அடுப்பை அணைத்துவிட்டு, இருவருமாகப் போகிறோம். மேரி படத்தையும் போட்டாயிற்று. பாராட்டு என் படத்துக்குத்தான் அதிகம்.