என் கைராசியும் அண்ணாச்சியின் எண்ணெய்ப் பங்கும்

"...இப்பப் போயி விக்கவா? நல்லாயிருக்கே வே! மாங்கா பழுக்குத சமயத்துல மரத்தை வெட்டணும்ங்கீரே!" என்றார் அண்ணாச்சி.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள சாயாக்கடை. அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டது இதுதான்: அடுத்த மாதம் என் வீட்டுக்காரிக்கு முழங்கால் ஆபரேஷன், பங்கு பாதி விலையில் கிடக்கிறது, கிடைக்கிற விலைக்காவது விற்றுவிடட்டுமா?

அவர் எனக்கு உறவு ஒன்றுமில்லை. நான் பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். அவர் வளைகுடாக் கடலில் எண்ணெய் தோண்டுகிற மேடையில் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர். ரெண்டு பேருக்கும் பூர்வீகம் நாஞ்சில் நாடு, அது போதுமாக இருந்தது. ஊர்க்காரன் திட்டினாலும் காதுக்கு இதம் என்பாள் என் அம்மா.

ஆட்டோ ஸ்டாண்டிலும் வலியசாலைக் கோவில் வாசலிலும் பங்குச் சந்தைப் பேச்சாகவே இருந்த நேரம். அண்ணாச்சி சிரிப்பார். "சந்தை கொழுத்துக் கெடக்கு வே. சொத்தைக் கத்திரிக்காயும் பவுன் விலைக்குப் போகுது. நீரு எண்ணெய்க் கெணறு வச்சிருக்கவனைப் பாக்காதயும். அவனுக்குக் குழாயும் துளை போட ஆளும் அனுப்புதான் பாரும், அந்தக் குழாய்க் கம்பெனிப் பங்கு சீந்துவாரில்லாமக் கெடக்கு. எண்ணெய் வேணும்னா எவனும் அவன் வாசலுக்கு வந்துதானே ஆகணும்?"

வாயால் சொன்னதோடு விடவில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையை என் முன்னால் விரித்துக் கடன் எவ்வளவு, கையில் வேலை எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை.

நான் முதலில் வாங்கியது ஒரே வாரத்தில் ஏறியது. "ஒமக்குக் கைராசி வே!" என்றார். அன்றிலிருந்து கடைக்குப் போணி மாதிரி நான்தான் முதலில் போனில் 'வாங்கு' என்பதை அமுக்க வேண்டும், பின்னால் அவர். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. "விக்கதுன்னாலும் சேந்துதான் விக்கணும்" என்று கோவில் வாசலில் என் கையில் அடித்துச் சொன்னார்.

விலை சரியத் தொடங்கியபோது இதே மேசையில், "இப்பத்தான் அள்ளணும்" என்றார். என்னிடம் இருந்தது முழங்காலுக்கென்று என் வீட்டுக்காரி சிட்டி, அதாவது சீட்டு, கட்டிச் சேர்த்த பணம். அவளிடம் கேட்டேன். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் அமுக்கினேன். அவரும் என் பக்கத்திலேயே தன் போனை எடுத்து அமுக்கிவிட்டு, "சரி, நம்ம காரியமும் ஆச்சு" என்றார். அந்தத் தேதியைச் சிட்டிப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தேன். நல்ல நாள் என்று நினைத்துத்தான்.

மாங்காய்ப் பேச்சு பேசி முடிப்பதற்குள் அவர் போன் கிணுகிணுத்தது. "கண்ணு மங்கலா இருக்கு. நாளைக்கு எப்ப வரணும்னு ஆஸ்பத்திரிக்காரன் அனுப்பியிருப்பான், வாசியும்" என்று என்னிடம் நீட்டினார்.

உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். பங்குத் தரகுக் கம்பெனி அனுப்பிய செய்தி அது. உங்கள் கணக்கு பல மாதமாக அசையவில்லை, கைவசம் பங்கு எதுவும் இல்லை, கடைசியாக நடந்தது விற்பனை. கீழே நம் குழாய்க் கம்பெனியின் பெயர், முழுவதும் விற்றாகிவிட்டது என்ற குறிப்பு, தேதி.

தேதியில் வந்து நிறுத்தினேன். சிட்டிப் புத்தகத்தில் நான் குறித்து வைத்த தேதி.

கூடவே இருந்து குழி பறிப்பது என்று எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். குழிக்குள் இருந்துகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எம் பக்கத்துல இருந்து நீங்க அமுக்கினது எதை?"

அவர் போனைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். வேட்டி நுனியால் ரெண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.