அண்ணியின் கோபத்துக்கு உயரம் உண்டு

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் பாட்டிலில் தேதி பெரிதாகிவிடும். கேட்டால் காது குத்துகிறேன் என்பீர்கள். அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே குடிதண்ணீர் ஆலையில் வேலை பார்க்கிறோம். பழுது பார்ப்பவன் என்பதால் எல்லாவற்றையும் கிட்டத்தில் நின்று பார்த்தவன் நான்.

அண்ணியின் பொறுப்பில் இருப்பது காலாவதித் தேதி அடிக்கும் இயந்திரம். அது பாட்டிலைத் தொடவே தொடாது. மை துளித்துளியாகப் பாயும். ஒவ்வொரு துளிக்கும் போகிற போக்கில் கொஞ்சம் மின்னேற்றம் கொடுத்து, பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய இரண்டு தகடுகளுக்கு நடுவே அனுப்பும். தகடு இழுக்க, துளி வளையும். நிறைய ஏற்றம் பெற்ற துளி நிறைய வளைந்து எழுத்தின் உச்சியில் உட்காரும். குறைவாகப் பெற்றது அடியில். ஒன்றுமே பெறாத துளி நேரே ஓடிக் குழாயில் விழுந்து மைத்தொட்டிக்கே திரும்பும். அதைக் காட்டி, "இது உங்க அண்ணன், எதுக்கும் வளையாது" என்பார் அண்ணி.

அண்ணன் பாட்டில் வரிசையின் அந்தக் கோடியில் தரம் பார்ப்பவர். தேதியைப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டில் பேச்சு நின்ற நாட்களில் அண்ணி இதைச் சும்மா விடுவாரா? எழுத்தின் உயரத்துக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்த அழுத்தத் துளிகளுக்கு ஏற்றம் கூடும், தேதி நெட்டையாகும், அங்கே அண்ணன் முகம் சுளிப்பார். சமாதானமானால் எழுத்தும் இறங்கிவிடும்.

அந்த முறை சண்டை பெரிது. வெளியூர்க் கிளையில் அண்ணனுக்கு மேற்பார்வையாளர் வேலை வந்தது. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் தலையாட்டப் பார்த்தார். மாலைக்குள் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். "போகாதீங்க" என்று சொல்ல அண்ணிக்கு நா எழவில்லை. "நீயும் வா" என்று கூப்பிட அண்ணனுக்கும் எழவில்லை. ஜாடிக்கேற்ற மூடி.

அன்று அண்ணி உயரத்தை ஏற்றினார். எழுத்தோ குட்டையானது. இன்னும் ஏற்றினார். இன்னும் குட்டையானது. பொத்தான் உச்சத்துக்குப் போயும் தேதி எறும்பளவில்தான் விழுந்தது. தரம் பார்ப்பவர் அந்நேரம் வரிசையை நிறுத்தியிருக்க வேண்டும். அவரோ அந்தக் குட்டி எழுத்தில் பெண்டாட்டியின் மனசைப் படித்துக்கொண்டிருந்தார்.

அண்ணியே நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தால் தகடுகளில் மை படிந்து ஈரம். மின்சாரம் அதன் வழியே கசிந்து, இழுக்கிற வலு குறைந்திருந்தது. எவ்வளவு ஏற்றி அனுப்பினாலும் துளி சரியாக வளையவில்லை.

நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார், நேரே மேலாளர் அறையிலிருந்து. முகமெல்லாம் இளகிக் கிடந்தது.

"போகலன்னு சொல்லிட்டேன். நீயே இவ்வளவு எறங்கி வந்தப்புறம் எனக்கு என்ன வீம்பு?" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்கு உண்மையைச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது, பொய் சொல்வானேன். அதற்குள் அண்ணி என் கையிலிருந்த மைத்துணியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"யாராவது ஒருத்தர் எறங்கித்தானே ஆகணும்" என்றார், தரையைப் பார்த்து. அண்ணன் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனார்.

தகடுகள் காய்ந்தன. நான் இயந்திரத்தை ஓடவிடப் போனேன். அண்ணி பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அது உச்சத்துலயே நிக்குது. மொதல்ல உயரத்தக் கொறைங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. "அவர் பாத்துட்டா போயிடுவாரு."