ஹேமநாதனின் முடி யாருடையது

ஹேமநாதன் அண்ணனை நீங்கள் ஏதாவது ஒரு படத்தில் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரிந்திருக்காது. வில்லனுக்குப் பின்னால் நான்கைந்து பைக்குகள் வருமே, அதில் ஓரமாக, முதுகு வரை முடியோடு பழைய யெஸ்டியில் வருபவர் அவர்தான். வருவார், அடி வாங்குவார், விழுவார். பதினெட்டு வருடமாக விழுகிறார். இதுவரை வெளிவந்த எந்தப் படத்திலும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. இப்போது அதில் அடுக்குமாடி நிற்கிறது. மூன்றாவது மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். மிச்சமிருக்கும் மாட்டுக்கொட்டகையில் அவருடைய ராக் குழு பயிற்சி செய்யும். பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் கல்லூரியிலும் சேராத நான் அங்கே டிரம்ஸ் வாசிக்கிறேன். பாட்டெல்லாம் அண்ணன் எழுதுவதுதான். தண்ணீர் லாரி, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் ஷிப்டு, ஏரியில் கொட்டும் குப்பை, இவைதான் வரும். காதல் வராது. அடுக்குமாடி சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் சத்தத்தைப் பற்றி வாராவாரம் புகார் வரும். பெரும்பாலும் அதை எழுதுவது என் அப்பா.

முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதில் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். முடியை வெட்டிவிட்டு வா என்று சூப்பர்வைசர் சொன்னார். லேத்தில் முடி சிக்கினால் தலையே போய்விடும், அது அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆள் அதற்காகச் சொல்லவில்லை. பொம்பளை மாதிரி இருக்கிறாயே என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்று சாயங்காலமே அண்ணன் யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். தன் தலை தன்னுடையது என்பதைத் தவிர அவரிடம் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது.

போன வருடம் அவருக்கு ஒரு வேஷம் கிடைத்தது. பைக் கும்பலின் தலைவன். முடியைப் பார்த்துத்தான் இயக்குநர் கூப்பிட்டார். இரண்டு பக்கம் வசனம். அதைக் கேட்டதும் அவருடைய அம்மா எல்லம்மா சந்தோஷப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். என் பிள்ளை ஒரு படத்திலாவது பேசிவிட்டால் அவன் முடியை உனக்குத் தருகிறேன் என்று எட்டு வருடம் முன்பே திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். எந்த முடியால் வேஷம் வருமோ அதையே காணிக்கையாகப் பேசி வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"யார கேட்டு வேண்டிக்கின? அது என் தலம்மா."

"தல உன்னுதுதான் நைனா. அத பெத்தது நானு."

படம் முடிந்ததும் மொட்டை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

நசரத்பேட்டையில் ஒன்பது நாள் படப்பிடிப்பு நடந்தது. பேசும் காட்சி பத்தாம் நாள். ஒன்பதாம் நாளோடு படம் நின்றுவிட்டது. தயாரிப்பு மேனேஜர் மோகன் வந்து, முடியில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எப்போது திரும்ப ஆரம்பித்தாலும் தலை அதே மாதிரி இருக்க வேண்டும், கன்டினியுட்டி என்றார்.

பதினான்கு மாதம் அப்படியே போனது. மாதம் ஒரு முறை மோகன் வீடியோ காலில் வந்து, கொஞ்சம் திரும்புங்க, பின்னால் பார்க்கணும் என்பார். அண்ணன் திரும்பிக் காட்டுவார். வேறு இரண்டு பட வாய்ப்புகள் வந்தன. முடியை ஒட்ட வெட்டச் சொன்னதால் விட்டுவிட்டார். கிருத்திகைக்குக் கிருத்திகை எல்லம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அண்ணன் பாட்டு எழுதுவதை நிறுத்தினார். மத்தியானத்தில் யெஸ்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று சுற்றிவிட்டு, எங்கேயும் இறங்காமல் திரும்பி வருவார். எனக்கும் அந்த நாட்களில் வீட்டில் உட்கார முடியவில்லை. ஆனால் எனக்குக் காரணம் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் பயிற்சியின் நடுவே கிடாரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு சூப்பர்வைசர் சொன்னான்னு வேலைய உட்டேன். இன்னிக்கு மோகன் சொல்றான்னு தலைய திருப்பித் திருப்பி காமிச்சிகினு கீறேன். இன்னாடா இது."

அங்கேயே மோகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"வெள்ளிக்கெழம வரிக்கும் டைம். சனிக்கெழம திருத்தணி போறேன், பேசினாலும் பேசாங்காட்டியும் மொட்டதான்."

"அண்ணாத்தே, ஜோக்கடிக்காத," என்று மோகன் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் எல்லம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு யெஸ்டி கிளம்பியது. நாங்கள் இரண்டு பைக்கில் பின்னால் போனோம். திருத்தணியில் முடி கொத்துக் கொத்தாக விழுந்தபோது அண்ணன் கண்ணை மூடவில்லை. எல்லம்மாதான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். திரும்பும்போது திருவள்ளூரில் டீ குடிக்க நிறுத்தினோம். தலையைத் தடவிக்கொண்டே, காற்று நேராக மண்டையில் அடிக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை மோகன் கூப்பிட்டார். மறுநாள் படப்பிடிப்பு. அண்ணன் தன் போட்டோவை அனுப்பினார். சாயங்காலம், வா, பார்த்துக்கலாம் என்று பதில் வந்தது.

இயக்குநர் கோபப்படவில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பேசிவிடுங்கள், குரலை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதாவது முகமும் இல்லை, குரலும் யாருடையதோ. அண்ணன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். முப்பது பைக்குகளுக்கு முன்னால் வந்து நின்றார். வசனம் தொடங்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார். காதோரம் சந்தனம் இன்னும் போகவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் தடுக்காமல் பேசினார். யாரும் கட் சொல்லவில்லை.

முடி எங்கே போனது என்று கேட்பார்களே என்றார் ஓர் உதவி இயக்குநர். இயக்குநர் மானிட்டரில் அதே காட்சியை மூன்று முறை பார்த்தார். பழைய ஒன்பது நாளையும் மொட்டையோடு திரும்ப எடுக்கலாம் என்றார். மோகன் ஓடி வந்தார்.

"அண்ணாத்தே, டெய்லி ஷேவ் பண்ணிக்கினே இரு. முடி வளரவே கூடாது. கன்டினியுட்டி."

அண்ணன் அவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"ரெண்டு வாரம். அதுக்குள்ள எடுத்துக்க. அப்பால அது பாட்டுக்கு வளரும்."

இந்த முறை மோகன் அதை ஜோக் என்று நினைக்கவில்லை. பதின்மூன்று நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தார்கள். பதினைந்தாம் நாள் காலையில் மறுபடி போன் வந்தது. இன்னும் ஒரே ஒரு ஷாட், அரை நாள் போதும் என்று மோகன் கெஞ்சினார். அண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யெஸ்டியை ஓர் உதை உதைத்துக் கிளப்பினார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.