அறுபத்திரண்டில் நின்ற ஏற்றம்

இது நடந்தது. கெடாரில், 1936ஆம் ஆண்டு, மாசி மாதக் கடைசியில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இது நட்டநடுப் பகலில், உச்சி வெயிலில் நடந்தது.

மாரியப்பன் பண்ணையாள். பண்ணையார் கிருஷ்ணசாமியின் நிலத்தில் பிறந்தவன். அந்த நிலம் முன்பு வேறொருவரிடம் இருந்தது. அது கைமாறியபோது கிணறு, மாடு, பனைமரங்களோடு மாரியப்பனின் அப்பனும் கைமாறினான். அடிமை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அன்று அவன் ஓடிப்போவதாக இருந்தான். மலாயாவுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பாண்டுரங்கன் மறுநாள் விழுப்புரம் ஸ்டேஷனில் காத்திருப்பான். தனி ஆளாக வர வேண்டும். பெண்டாட்டியைக் கூட்டிவரக் கூடாது. அவன் மனைவி அம்மணிக்கு அப்போது ஏழாம் மாதம்.

“சாயங்காலம் வர்றேன்னு மட்டும் சொல்லிட்டு வாடா. அழுகாச்சி, பேஜாரு ஒண்ணும் இருக்காது” என்று கங்காணி சொல்லிக்கொடுத்திருந்தான்.

காலையில் மாரியப்பன் அப்படியே சொன்னான். அம்மணி கூழைத் துழாவியபடி, “தெனமும் சாயங்காலந்தான வர்ற? இன்னிக்கு இன்னா புதுசா சொல்லிக்கினு?” என்றாள்.

கேப்பை நாற்றுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். ஏற்றம் இரண்டு ஆள் வேலை. மாமன் பெரியசாமி மேலே துலாமரத்தின் மீது முன்னும் பின்னும் நடப்பார். அவர் கனத்துக்கு மரம் சாய்ந்து எழும். மாரியப்பன் கிணற்று மேட்டில் நின்று, மேலே வரும் சால் வாளியைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் சாய்ப்பான். ஒவ்வொரு சாலுக்கும் எண்ணிக்கையைப் பாட்டாகப் பாடுவான். மேலே இருப்பவர் அதை வாங்கிப் பாடுவார். நூறு முடியாமல் துலாவை விட்டு யாரும் இறங்க மாட்டார்கள். வீட்டில் சாவு என்று சேதி வந்தாலும் நூறு முடித்துத்தான் இறங்குவார்கள். குறை எண்ணில் இறங்கியவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம்.

வெயிலுக்காக மாரியப்பன் தலைக்கு மேலே ஓலைத்தட்டி கட்டியிருந்தார்கள். மேலே நடப்பவர் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டார். காலடி கேட்கும். வியர்வை தட்டியின் மேல் பொட்டு பொட்டென்று விழும். அவ்வளவுதான்.

முதல் நூறு முடிந்ததும் இருவரும் கூழ் குடித்தார்கள்.

“இன்னா மாப்ள, எண்ணிக்கையில ரெண்டு தரம் தப்பு வுட்ட? மனசு எங்கடா மேஞ்சிக்கினு கீது?” என்றார் பெரியசாமி.

“எங்கயும் இல்ல மாமா.”

மாரியப்பன் போய் வாய்க்கால் மடையைத் திருப்பிவிட்டு வந்தான். மேலே காலடி கேட்டது. மாமன் ஏறிவிட்டார் என்று நினைத்தான். சாலைப் பிடித்தான். பாடினான்.

பத்து வரை ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஒரு வாசனை வந்தது. கருப்பஞ்சாறு காயும் வாசனை. சுற்றுவட்டத்தில் அந்த வருஷம் யாரும் கரும்பு போடவில்லை.

இருபதில் இன்னொன்று உறைத்தது. தட்டியின் மேல் வியர்வை விழவில்லை. ஒரு சொட்டுகூட.

முப்பதில் காலடியைக் கவனித்தான். ஒரு ஆள் இல்லை... இரண்டு ஆள். முன்னே ஒருவன். அவனை ஒட்டிப் பின்னே ஒருவன். பின்னவன் காலை இழுத்து இழுத்து நடந்தான். இரும்பு உரசும் சத்தம். சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக்.

எண்ணிக்கையை வாங்கிப் பாடிய குரல் மாமனுடையது இல்லை. வயசுப் பையன் குரல். அதன் அடியில் இன்னொரு குரல். அது எண்ணவே இல்லை. வேறு ஏதோ பாஷையில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியது.

“மாமா... மேல யாரு உன்கூட?”

கை மட்டும் சாலைச் சாய்த்துக்கொண்டே இருந்தது.

கிறீச்... கிறீச்...

அறுபத்தொன்று.

அறுபத்திரண்டு...

நின்றது.

சால் பாதி உயரத்தில் தொங்கியது. மாரியப்பன் தட்டியை விலக்கினான். அண்ணாந்து பார்த்தான்.

துலாவில் யாருமில்லை.

வரப்பில் பெரியசாமி வந்துகொண்டிருந்தார். மடி நிறைய மல்லாட்டை, களத்து வேர்க்கடலை.

“அய்யா கூப்ட்டாருன்னு களத்துக்குப் போனேன்டா. நீ யாரோட பாடிக்கினு கீற? அங்க வரிக்கும் கேக்குது.”

அப்போதுதான் சால் கிணற்றுக்குள் விழுந்தது. தொபீர்.

வாய்க்கால் தண்ணீரைப் பெரியசாமி கையில் அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். உப்பு. கடல் உப்பு. பிறகு அந்தப் பாத்தி நாற்று முழுவதும் கருகிப்போனது.

“எத்தினில நின்னுச்சு?”

“அறுபத்திரண்டு.”

பெரியசாமி துலாவை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க தாத்தா பூமாலை... அறுபது வருசத்துக்கு முன்னால, தாது வருஷப் பஞ்சத்துல இதே ஏத்தத்துலதான் நின்னுக்கினு இருந்தாராம். கப்பலுக்கு ஆள் புடிக்கிறவன் சோறு தர்றேன்னானாம். அறுபத்திரண்டுல எறங்கிப் போனவருதான். உங்கப்பன் அப்ப வயித்துல. சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டுப் போனாராம்டா.”

அதைக் கேட்ட பிறகும் மாரியப்பன் போனான். பயந்தவனுக்கு அங்கேயே இருப்பதும் பயம்தான். ராவெல்லாம் நடந்து விழுப்புரம் சேர்ந்தான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, தன்னை அறியாமல் அந்தப் புரியாத பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் இருதயராஜ் கூடையைக் கீழே வைத்தார். பிரம்மதேசத்துக்காரர். சிறுவயதில் புதுச்சேரிக் கப்பலில் கரி தள்ளித் தீவுகளெல்லாம் பார்த்தவர்.

“இத்த எங்க கத்துக்கினே?”

“கெணத்துலங்க.”

“தமாசு பண்ணாத. இது பிரெஞ்சுக்காரன் ரீயூனியன் தீவுல கரும்புத் தோட்டத்துக் கறுப்பு சனங்க பாடுறது. ஆப்பிரிக்காவுலேர்ந்து சங்கிலி போட்டு இட்டாந்தாங்க அவங்கள. வுடுதலை பண்ணப்புறம் தோட்டத்துக்கு ஆள் வேணாமா? நம்ம சனத்தக் கப்பல்ல அள்ளிக்கினு போனாங்க. அதே குடிசை. அதே அடி. இவன் பாட்டு அவனுக்கு, அவன் பாட்டு இவனுக்கு.”

“அர்த்தம் இன்னாங்க?”

வண்டி வந்துவிட்டது. பாண்டுரங்கன் தோளைப் பிடித்து இழுத்தான். “ஏறுடா, ஜல்தி! வூட்ல சொன்னியா?”

“சாயங்காலம் வர்றேன்னு சொன்னேன்.”

சொன்னதும், தாத்தா சொன்னதும் இதே வார்த்தைதான் என்று அவனுக்கு உறைத்தது. கையை உதறிக்கொண்டு பிளாட்பாரத்தைவிட்டு இறங்கி நடந்தான். வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“புள்ளத்தாச்சிய வுட்டுட்டு ஓடுறதுதான் உங்க வம்சத்துக்கே வழக்கமா?”

மறுநாள் உச்சியில், நின்ற இடத்திலிருந்து நூறை முடிக்க இருவரும் கிணற்றுக்குப் போனார்கள். துலாவில் யாருமில்லை. மாரியப்பன் சாலைப் பிடித்தான்.

அறுபத்து மூன்று.

துலா சாய்ந்தது...

அவன் நிறுத்தவில்லை. மேலிருந்து வயசுப் பையன் குரல் ஒவ்வொன்றாக வாங்கிப் பாடியது. எண்பதுக்கு மேல் அந்தக் குரல் அழுதுகொண்டே பாடியது.

நூறு.

துலாவுக்கு ஏறும் ஏணியில் காலடி இறங்கியது. ஒரு ஆள் காலடி. காய்ந்த மண்ணில் ஈரப் பாதத் தடங்கள் மட்டும் விழுந்தன. அவை அம்மணியின் வயிற்றுக்கு முன்னால் கொஞ்சம் நின்றன.

“வூட்டுக்குப் போ தாத்தா” என்றாள் அவள். “ஆயா சாவுற வரிக்கும் காத்துக்கினு இருந்துச்சாம்.”

பாதங்கள் சேரிப்பக்கம் போயின.

மேலே துலா நிற்கவில்லை.

சர்ர்ர்... டக்.

சர்ர்ர்... டக்.

மாரியப்பனும் அம்மணியும் அந்த வாரமே பட்டப்பகலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போனார்கள். கிருஷ்ணசாமியின் ஆட்கள் ஊர் எல்லை வரை வைதுகொண்டே வந்தார்கள். மாரியப்பன் கரி அள்ளப் போனான். அங்கேதான் இருதயராஜிடம் அந்தப் பாட்டின் அர்த்தத்தைக் கேட்டான்.

இருதயராஜ் கரிக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“சின்னப் புள்ளையில புடிச்சாந்தவங்க பாட்டுடா அது. ‘என் ஊர்ப் பேரு எனக்கு மறந்துபோச்சு. நீ உன் ஊருக்குப் போறப்ப என்னையும் கூட்டிக்கினு போ.’ அவ்வளவுதான்.”

1944இல் கிருஷ்ணசாமி கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்தார். துலாமரத்தை வெட்டி அடுப்பெரித்தார்கள். உச்சியில் எஞ்சின் ஓய்ந்திருக்கும் நேரத்தில், மரமே இல்லாத கிணற்றுக்கு மேலே காலடி இன்னும் நடக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். முன்னும் பின்னும். பாட்டும் கேட்குமாம்.

பூமாலையோடு கூடவந்த அந்த இன்னொருவனுக்கு நம் எண்ணிக்கை தெரியாது. அதனால் அவனுக்கு நூறு வருவதே இல்லை.