பேண்ட்சா மெஷினும் என் கல்யாணப் பட்டும்

எங்கள் ஷெட்டுக்கு பேண்ட்சா மெஷின் வந்த அன்று, அதை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கிரேன் கொக்கியில் மெஷின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு என் நாத்தனார் வாஸ்து பேசிக்கொண்டிருந்தார்.

"கெழக்கப் பாத்து வெச்சாதான்மா வெளங்கும்" என்றார்.

"அண்ணி, முதல்ல அங்கருந்து நகருங்க. அது விழுந்துதுன்னா உங்களுக்கு எந்தத் திசையும் இருக்காது" என்று கத்தினேன். நகர்ந்தார், ஆனால் வாயை நிறுத்தவில்லை. கிழக்கு பார்த்து வைத்தால், வெட்டுவதற்கு ஏற்றும் இருபதடி ராடு வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய் ஏனாத்தூர் காலேஜ் பஸ்ஸைக் குத்தும் என்று விளக்கினேன். பஸ்ஸைத் திருப்பி ஓட்டச் சொல்லு என்று அவர் சொல்லாததுதான் பாக்கி. கடைசியில் மெஷின் வடக்கு பார்த்து உட்கார்ந்தது. குபேரன் திசைதானே என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றின் மேல் வளையமாக ஓடும், பிளேடு என்கிற ரம்பப் பட்டை, வெட்ட வேண்டிய இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். அவ்வளவுதான். தொடை பருமன் இரும்பு ராடையும் வெள்ளரிக்காய் மாதிரி வில்லை வில்லையாக நறுக்கும். அதற்கு இரும்புக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே ஒருவர், ஓடுகிற பிளேடுக்குப் பக்கத்தில் கிளவுஸ் போட்ட கையால் இரும்புத் தூளைத் தள்ளினார். பிளேடின் பல்லில் மாட்டியது கிளவுஸ்தான், ஆனால் அது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஆம்புலன்ஸ் போன பிறகு அந்த கிளவுஸைக் குனிந்து எடுத்தவள் நான். அது கனமாக இருந்தது. ஏன் என்று புரிந்ததும் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன்.

அதனால் சொந்தமாக ஷெட் போட்டபோது ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். என் ஷெட்டில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போகக் கூடாது.

வீட்டில் நான் ஷெட் போட்டதற்கே வேறு மாதிரி அர்த்தம் எடுத்தார்கள். நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரக் குடும்பம். என் கணவர் காலையில் தறியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அவர் நெய்யும் புடவைக்கு ஆர்டர் வரிசை கட்டி நிற்கிறது. பேச்சு மட்டும் வரவே வராது. பொம்பளை இரும்பு வெட்டுவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "வெட்டிட்டுப் போவட்டும்பா" என்றார். அந்த மாதம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மெஷினை நிறுவக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். மூன்று நாள் இருந்தார். ரசமட்டம் வைத்து, காலுக்கடியில் தகடு தகடாகச் செருகி, தலைமுடி அளவுகூடச் சாயாமல் நிறுத்தினார். எர்த் எடுக்கக் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டச் சொன்னார். நாத்தனார் தன் பங்குக்கு நவதானியமும் போட்டார். அது முளைக்கவில்லை, எர்த் மட்டும் நன்றாக எடுத்தது. கரண்ட் கொடுத்தபோது மூன்று ஃபேஸில் இரண்டு மாறிப்போய்ப் பிளேடு பின்பக்கமாக ஓடியது. ஃபிட்டர் சிரித்துக்கொண்டே ஒயரை மாற்றினார். புதுப் பிளேடு சுருளாக வரும், கட்டை அவிழ்த்தால் சீறிக்கொண்டு விரியும், அதனால் கையை நீட்டித் தள்ளிப் பிடிக்க வேண்டும், அப்போது மட்டும் கிளவுஸ் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

கிளம்பும்போது, "மேடம், மெஷினு தப்பு பண்றதில்லைங்க. நாமதானுங்க பண்ணுவோம்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பன்னிரண்டு வருஷ அனுபவம் உள்ளவளிடம் சொல்கிற பேச்சா இது?

அவர் பஸ் ஏறுவதற்குள் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் விதிகளை அடித்துச் சுவரில் ஒட்டினேன். முதல் விதி, சக்கரத்தின் மூடியைத் திறந்து வைத்து ஓட்டக் கூடாது. இரண்டாவது, புடவை முந்தானை, துப்பட்டா, லுங்கி, தொளதொளச் சட்டையோடு மெஷின் அருகே வரக் கூடாது. மூன்றாவது, ஓடும்போது கிளவுஸ் கூடாது. தூளைக் கையால் தள்ளாமல் பிரஷ்ஷால் தள்ளு, வைஸ் இறுகியதா என்று இரண்டு தரம் பார், கண்ணாடி போடு என்று அது நீண்டது. அந்த வாரம் முழுக்க நான் பெரிய அதிகாரி மாதிரி திரிந்தேன். டீ கொண்டுவந்த ஆளைக்கூட லுங்கி கட்டியிருந்தார் என்று வாசலிலேயே நிறுத்தினேன்.

சொந்தக்காரர்களை அழைத்து மெஷினுக்குப் பூஜை போடுவதாக இருந்தோம். அதற்கு முதல் நாள் சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்தார்.

"நாளிக்கு இன்னா கட்டிக்கினு வரப்போற?"

"பேண்ட் ஷர்ட்தான் அண்ணி. மெஷின் ஓட்டணுமே."

"நாப்பது பேரு வராங்க. பட்டு நெய்யிற வூட்டு மருமவ, பூஜையில பேண்ட் மாட்டிக்கினு நிக்கப்போறியா? தம்பி நெய்ஞ்ச பொடவைங்கள ஊரே கட்டுது. பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒண்ணும் இல்ல போலக்குதுன்னு பேசப்போறாங்க."

அண்ணிக்கு நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சுவரில் ஒட்டிய இரண்டாவது விதிதான் அது. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டால் புத்தி வாசலோடு நின்றுவிடும். மறுநாள் காலையில் பீரோவின் அடித்தட்டிலிருந்து என் கல்யாணப் பட்டை எடுத்தேன். அரக்கு உடம்பு, சாண் அகல ஜரிகை முந்தானை. நிச்சயம் ஆன பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து என் கணவரே நெய்தது. பார், வாயடைத்துப் போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் மடிப்பு வைத்தேன். முந்தானையை இடுப்பில் சொருகிவிட்டால் போதும் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குப் போனால் மெஷினுக்கு என்னைவிட அலங்காரம் அதிகம். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, தலைக்கு மேல் ரோஜா மாலை. பிளேடில் சுற்றியிருந்த பூச்சரத்தைப் பிய்த்து எறிந்தேன். "சக்கரம் சுத்துறது தெரியவே இல்லியே, மூடிய கொஞ்சம் தொற" என்று நாத்தனார் கேட்டதற்கு, முதல் விதியை விரலால் காட்டினேன். முதல் ஓட்டத்தின்போது மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தார். அந்த வேலையைக் கணவருக்குக் கொடுத்தேன்.

"நான் போட்டோவுல வேணாமா?" என்றார்.

"மெயினாண்ட நில்லுங்க. கைய எடுக்கக் கூடாது" என்றேன். நாற்பது பேருக்கு முன்னால் அவரை மூலைக்கு அனுப்பியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தேங்காய் உடைத்தார்கள். ராடை வைஸில் இறுக்கினேன், இரண்டு தரம் பார்த்தேன், பச்சைப் பட்டனை அழுத்தினேன். பிளேடு ஓடியது. சூடு தணிக்கும் கூலன்ட் வெள்ளை வெளேரென்று ராடின் மேல் வழிந்தது. பாலாபிஷேகம் என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிளேடு இரும்பில் இறங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் மெஷின், என் ஷெட். போட்டோகிராஃபர், "அக்கா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார். குனிந்தேன்.

சொருகிய முந்தானை எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. தோளில் குத்தியிருந்த ஊக்கு வெடுக்கென்று இழுத்தபோதுதான் தெரிந்தது. ஜரிகையைப் பல் பிடித்துவிட்டது. என் கழுத்தும் தோளும் மெஷினை நோக்கிப் போயின. விழாமலிருக்க இடது கையை ராடின் மேல் ஊன்றினேன். வலது கையால் சிவப்புப் பட்டனைத் தேடினேன். எமர்ஜென்சி பட்டன், எந்த நேரத்திலும் அடித்து மெஷினை நிறுத்துவது. சிவப்பாக, உருண்டையாக, அழகாக இருக்கிறதே என்று நாத்தனார் அதற்குத்தான் அதிகமாகச் சந்தனம் பூசி, ஐந்து முழம் மல்லிகையைச் சுற்றியிருந்தார். என் கையில் பூதான் வந்தது. கொத்துக் கொத்தாகப் பூ வந்தது, பட்டன் வரவில்லை.

கத்தினேனா என்றுகூட நினைவில்லை. அந்த கிளவுஸின் கனம்தான் நினைவுக்கு வந்தது.

சட்டென்று எல்லாம் அமைதியானது. பிளேடு நின்றிருந்தது. என் மணிக்கட்டுக்கும் பல்லுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கணவரின் கை மெயின் சுவிட்ச் மேலேயே இருந்தது. அவர் இருந்த மூலையிலிருந்து என் முந்தானையே தெரியாது. எப்படி நிறுத்தினீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, "சவுண்டு மாறிச்சு" என்றார். தறியில் ஓர் இழை அறுந்தாலும் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, கண் போவதற்கு முன்னால் கை நிறுத்திவிடும் ஆள் அவர். அது எனக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். ஆனால் அதற்காக நான் அவரை அங்கே நிறுத்தவில்லை, சும்மா இருக்கிறாரே என்றுதான் நிறுத்தினேன்.

அவர் நேராக வந்து கத்தரிக்கோலால் முந்தானையை வெட்டி என்னை விடுவித்தார். கடித்துக் குதறிய ஜரிகையை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது ரூலு இன்னா? படி" என்றார்.

நான் மிச்ச முந்தானையைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தேன்.

"சொவுத்துல ஒட்டிக்கிறியே, அத்த படி. சத்தமா படிமா!"

அவருக்கு அவ்வளவு குரல் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துப் படித்தேன். "புடவை முந்தானை" என்ற முதல் இரண்டு வார்த்தையோடு நிறுத்தப் பார்த்தேன். அவர் விடவில்லை. கடைசி வார்த்தைவரை படிக்க வைத்தார். நாத்தனார் யாரும் சொல்லாமலே போய், பட்டனைச் சுற்றியிருந்த மல்லிகையை அவிழ்த்து, சந்தனத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்ததும் தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டு இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

"போய் துணி மாத்திக்கினு வா. ராடு பாதியில நிக்குது" என்றார் கணவர், பழைய குரலில். அவர் சட்டை ஒன்று ஷெட்டில் தொங்கியது. ஸ்கூட்டரில் வைத்திருந்த பேண்ட்டோடு அதை மாட்டி, கையை முழங்கைவரை இறுக மடித்து, கொண்டையை முடிந்துகொண்டு வந்தேன். மீதி ராடை வெட்டி முடித்தேன். அவர் மறுபடியும் மெயினில் கை வைத்துக்கொண்டு நின்றார். போட்டோ யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஷெட்டைத் திறந்தபோது, இரண்டாவது விதிக்குக் கீழே பேனாவால் கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது: "ஓனருக்கும்தான்."

கூலன்ட் தெறித்துத் தெறித்து அந்தத் தாளை இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டேன். மற்றதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துவிடுவேன். அந்த ஒரு வரியை மட்டும், தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து, அவர் கையாலேயே எழுத வைப்பேன்.