பந்தி நேரத்துப் பாட்டு

முதல் பந்திக்கு ஆட்கள் எழுந்ததும் ஜஸ்டின் மைக்கை ஒரு விரலால் தட்டிப் பார்க்கிறார். முன்வரிசையில் கைப்பை வைத்து இடம் பிடித்திருந்த பெண்கள் கைப்பையோடு போய்விட்டார்கள். வீடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டுக் கழுத்தில் சொடுக்கு எடுக்கிறார். நாற்காலிகள் மட்டும் மேடையைப் பார்த்தபடி இருக்கின்றன. கீபோர்டுக்குப் பின்னாலிருந்து குழுத் தலைவர் கலியமூர்த்தி தலையசைக்கிறார். "உம், மாமே. உன் பாட்டு."

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் இது எழுதப்படாத ஏற்பாடு. கல்யாண மண்டபம் நிறைந்திருக்கும்போது சினிமாப் பாட்டு. கூட்டம் சாப்பிடப் போன இடைவெளியில், குழுவில் யாராவது சொந்தமாகப் பாட்டுக் கட்டியிருந்தால் அது. கலியமூர்த்தியின் குழுவில் அப்படிக் கட்டுகிறவர் கிட்டார் வாசிக்கும் ஜஸ்டின் ஒருவர்தான். பல்லவியும் ஒரு சரணமும் முடிவதற்குள் பீடா மென்றுகொண்டு நாலு பேர் திரும்பிவிடுவார்கள். உடனே கலியமூர்த்தி எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்குத் தாவிவிடுவார். ஜஸ்டினின் பாட்டுக்கு மூன்று சரணங்கள். மூன்றாவதை எந்த மேடையும் கேட்டதில்லை.

நிறைந்த மண்டபத்தில் ஒரே ஒரு தடவை அதை முழுதாகப் பாடிவிட வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் வெளியே சொல்லி யாரும் கேட்டதில்லை. "கைதட்டுல்லாம் வோணாம். முழுசா கேட்டுட்டு நல்லால்லன்னு சொல்லட்டும், ஒத்துக்கிறேன். மிச்சம் கீறவனும் சாம்பார் வாசனைக்குப் பாதிலியே ஓடறான் பாரு, அதான் வயிறு எரியுது."

சேக்காட்டில் இரண்டு அறை வீடு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத்தில் கடைந்து வரும் இரும்புத் துண்டுகளுக்கு அளவு பார்க்கிற வேலை. கிட்டார், விடலைப் பருவத்தில் கோயில் பாடகர் குழுவில் கற்றது. மெட்டு கம்பெனி பஸ்ஸில் வரும். போனை வாயோடு அணைத்து முனகிப் பதிந்துகொள்வார். பக்கத்து சீட்டுக்காரர்கள் யாரோ பெண்ணோடு பேசுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வரியைச் சோதிக்க அவருக்கென்று ஒரு வழி உண்டு. புது வரியை ராகம் போடாமல், சாதாரணப் பேச்சுப் போல மனைவி சாராளிடம் சொல்லிப் பார்ப்பார். அவள் பதில் சொல்லிவிட்டால் வரி தேறியது. நிமிர்ந்து பார்த்து, "இன்னாங்க, பாட்டா?" என்று கேட்டுவிட்டால் தள்ளுபடி. ஒருநாள் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, 'வெளக்க அணைக்காத புள்ள' என்றார். "நான் எங்க அணைச்சேன்? கரண்டு போயிகீது" என்றாள். பாட்டின் முதல் வரி ஆயிற்று. அடுத்த வரி, 'கடைசி வண்டி இன்னும் வல்ல.' வேலை விட்டு ரயிலுக்கு நிற்கிற ஒருவன், வீட்டில் விழித்திருப்பவளை நினைத்துப் பாடுவது.

யூடியூபிலும் ஏற்றியிருக்கிறார். பார்த்தவர்கள் பெரும்பாலும் வட்டாரத்து வாத்தியக்காரர்கள். "தபேலாக்காரன் தபேலா வர்ற வரிக்கும் கேப்பான், புல்லாங்குழல்காரன் புல்லாங்குழல் வர்ற வரிக்கும். கடைசி சரணத்துல கிட்டாரு மட்டும்தான். அத யாரு கேப்பான், நான்தான் கேக்கணும்."

இந்தத் தை மாதம் பூந்தமல்லியில் ஒரு ரிசப்ஷன். உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கிற கூட்டம். மணப்பெண் மேக்கப் அறையைவிட்டு வரவில்லை. பாடகி ரெனிதா வேலப்பன்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி வாசிக்க வேண்டியதையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டுத் திரும்பினார். "ஜஸ்டினு, அவ வர வரிக்கும் உன் பாட்ட எடு. முழுசா போ."

ஜஸ்டின் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பல்லவியை இரண்டு முறை பாடினார். முதல் சரணத்தின் நடுவில் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். பிறகு அவர் மனைவி. பிறகு அந்த வரிசை முழுக்க. எழுந்து நின்று கேட்கிறார்களோ என்று ஜஸ்டினுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் முதுகுகள் தெரிந்தன.

பக்கத்தில் சாப்பாட்டு அறையின் கதவு விரியத் திறந்திருந்தது. பரிமாறுகிறவர்களுக்குத் தலைவியான புஷ்பா வாசலில் நின்று, "வாங்க வாங்க, எலை போட்டாச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மணப்பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரும்மா பந்தியத் தொறக்கச் சொன்னது? பொண்ணே இன்னும் மேடை ஏறலியே!"

"உங்க பாட்டுக்காரருதான் கூப்டாரே!" என்றாள் புஷ்பா. சாப்பாட்டு அறையிலும் ஒரு ஸ்பீக்கர் உண்டு. "வெளக்க அணைக்காதன்னு அண்ணாத்தே ஆரம்பிச்சா எலைய போடுங்கடான்னு சொல்லி வச்சிகீறேன். நாங்க போற எல்லா மண்டபத்துலயும் அதான் கணக்கு."

பெண்ணின் அப்பா தலையில் அடித்துக்கொண்டு மேக்கப் அறைப் பக்கம் ஓடினார். கலியமூர்த்தி கீபோர்டின் மேல் கவிழ்ந்து சிரித்தார். "மாமே, உன்ன பாடகன்னு நெனச்சேன். நீ பந்தி மணிடா!"

ஜஸ்டின் சிரிக்கவில்லை. தந்திகளின் மேல் கையை வைத்து அதிர்வை அடக்கினார்.

கையில் சாம்பார் வாளியோடு புஷ்பா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். "கோச்சுக்காத அண்ணாத்தே. தப்பு என்னுதுதான்." திரும்பப் போனவள் நின்றாள். "ஆமா, அவன் ஊட்டுக்குப் போய்ச் சேந்தானா இல்லியா? எப்பப் பாரு வண்டிக்கு நின்னுகினே கீறான். இத்தினி மண்டபத்துல கேட்டுட்டேன், பாதிலியே உட்டுடற." உள்ளேயிருந்து யாரோ சாம்பார் என்று கத்தினார்கள். "தோ வரேன்!" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் மிச்சம். கலியமூர்த்தி போனைப் பார்த்துவிட்டு, "ரெனிதா கீழ வந்துட்டா. அடுத்த பாட்டுக்கு ரெடியாவு" என்றார்.

ஜஸ்டின் மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினார். நாற்காலிகளைப் பார்த்திருந்த மைக்கைச் சாப்பாட்டு அறைக் கதவுக்கு நேராகத் திருப்பி, மறுபடி இறுக்கினார். மைக்கைத் திருப்பினால் சத்தம் திரும்பாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. "மூணாவது சரணம்" என்று கலியமூர்த்தியைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கதவைப் பார்த்து நின்று, விரல்களைத் தந்தியில் அழுத்தினார்.